சொல்லும் மருந்தாகும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)





இவ்விழாவிலே பேச வேண்டுமெனச் செயலாளர் என்னைக் கேட்டபொழுது, நான் சமயத்தைப் பற்றியோ தமிழைப் பற்றியோ பேசுவேனென்றே அவர் எண்ணியிருப்பார். அவ்விரண்டையும் என்னினும் நன்கறிந்தோர் இச்சபையிற் பலர் இருக்கின்றனர். ஆகவே, நம் வீடுகளிலே எல்லோரும் அறிந்திருந்தும் எவரும் வாய் திறவாத ஒரு பொருளைப் பற்றிப் பேச உங்கள் அனுமதியை வேண்டுகின்றேன். மனநோயும், அதற்குப் பேச்சினாற் செய்யப்படும் சிகிச்சையுமே அப்பொருள்.

ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அயலெல்லாம் அறியும். கொத்தமல்லி அவித்துக் கொடுப்பார்கள். இரண்டாம் நாள் வைத்தியரிடம் அழைத்துச் செல்வார்கள். ஆனால் ஒருவர் நித்திரையின்றித் தவிக்கின்றார், சாப்பாட்டைத் தொடுகின்றாரில்லை, அறைக்குள்ளே சுவரைப் பார்த்தபடி கிடக்கின்றார் என்றால், நாம் முதலிற் செய்வது கதவைச் சாத்துவதுதான். “விசர்” என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி வீட்டையே பூட்டி வைக்கின்றோம். தங்கையின் கலியாணம் குழம்பிவிடும், நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்கள் என்று அஞ்சுகின்றோம். அந்த அச்சம் பொய்யென்று நான் சொல்லவில்லை. ஆயினும், அதற்கு நாம் கொடுக்கும் விலை மிகப் பெரிது.

நான் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணமுண்டு. அதைச் சொல்லாது மேலே செல்வது நேர்மையாகாது. பல்கலைக்கழக விடுதியில் என்னுடன் ஓரறையில் இருந்த நண்பன் ஒருவன், ஓர் இரவு விளக்கை அணைத்த பின்னர், “மச்சான், எனக்குக் கொஞ்ச நாளா நித்திரை வருகுதில்லை. ஒரே யோசனை. எல்லாத்தையும் விட்டிட்டுப் போயிடலாம் போல கிடக்கு” என்றான். எனக்கு மறுநாட் காலையிற் பரீட்சை. “யோசியாதை. எல்லாம் சரிவரும். படு” என்றேன். அவன் படுத்தான், நானும் படுத்தேன். மூன்று கிழமைக்குள் அவன் படிப்பைக் குழப்பிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். அவன் அன்றிரவு என்னிடம் கேட்டது ஆலோசனையன்று, ஒரு செவியை. அதை நான் கொடுக்கவில்லை. இன்று நான் பேசப்போவதெல்லாம் அன்றிரவு எனக்குத் தெரியாமற் போனவையே.

பேச்சுச் சிகிச்சை என்றால் என்ன? இலங்கையிலே இதனை உளவளத்துணை என்றும் சீர்மியம் என்றும் வழங்குகின்றோம். பயிற்சி பெற்ற ஒருவரும் துன்பமுற்ற ஒருவரும் குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் அமர்ந்து, ஓர் ஒழுங்கின்படி பேசுவதே இது. பெரும்பாலும் கிழமைக்கு ஒரு முறை, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை நடைபெறும். அங்கே பேசியது அங்கேயே இருக்கும். உயிருக்கு ஆபத்து என்று கண்டாலன்றி அது வெளியே செல்லாது.

இதனை இரண்டொன்றினின்றும் பிரித்தறிதல் வேண்டும். முதலாவதாக, இது புத்திமதியன்று. புத்திமதி சொல்வதற்கு நம்மூரிலே ஆட்பஞ்சம் இல்லை. இரண்டாவதாக, இது பாவசங்கீர்த்தனமன்று. மிஷன் பாடசாலையிற் பயின்றவனாதலால், கத்தோலிக்க நண்பர்கள் குருவானவரிடம் சென்று முழந்தாளிட்டுத் தம் குறைகளைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதை நான் அறிவேன். அது அவர்களுடைய சமயநெறி, மதிக்கத்தக்கது. ஆனால் சிகிச்சை அறையிலே பாவமுமில்லை, மன்னிப்புமில்லை. வந்தவர் குற்றவாளியாக வரவில்லை, நோவுற்றவராக வருகின்றார்.

இச்சிகிச்சையின் வரலாறு ஒரு பெண்ணிடமிருந்து தொடங்குகின்றது. 1880 ஆம் ஆண்டிலே வியன்னா நகரத்தில் ஜோசப் புரோயர் என்ற வைத்தியரிடம் இருபத்தொரு வயது யுவதி ஒருத்தி சிகிச்சைக்கு ஆளானாள். நோயுற்ற தந்தையை இரவு பகலாகப் பராமரித்து வந்தவள் அவள். கை கால்கள் அசைவற்றுப் போயின, பார்வை குன்றியது, ஒரு காலத்திலே தாய்மொழியாகிய ஜேர்மன் மொழியே நாவில் வராமல் ஆங்கிலத்தில் மட்டும் பேசினாள். ஒரு கோடைகாலத்தில், தாகம் வருத்தியும் தண்ணீரை வாயருகிற் கொண்டு செல்ல அவளால் முடியவில்லை. ஆறு கிழமைவரை பழங்களின் சாற்றினாலேயே தாகந் தணித்தாளாம். ஒருநாள் அரைத் துயில் போன்ற நிலையில், தன் ஆங்கிலத் தோழியின் நாய் ஒரு குவளையிலிருந்து தண்ணீர் குடித்ததைக் கண்டதையும், அருவருப்பையும் கோபத்தையும் மரியாதைக்காக அடக்கிக்கொண்டதையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் தண்ணீர் கேட்டுக் குடித்தாள் என்று புரோயர் எழுதியிருக்கின்றார்.

அந்தப் பெண்ணே இம்முறைக்குப் பெயரும் வைத்தாள். ஆங்கிலத்திலே அதனைப் பேச்சுச் சிகிச்சை என்றாள். விளையாட்டாகப் புகைக்கூண்டு துடைத்தல் என்றும் சொன்னாள். வைத்தியர் வைத்த பெயரன்று, நோயாளி வைத்த பெயர் என்பது கவனிக்கத்தக்கது. 1895 ஆம் ஆண்டிற் புரோயரும் சிக்மண்ட் பிராய்டும் சேர்ந்து வெளியிட்ட நூலிலே அவள் “அன்னா ஓ” என்ற புனைபெயருடன் வருகின்றாள். அவளுடைய உண்மைப் பெயர் பேர்த்தா பாப்பன்ஹைம்.

இக்கதையை அற்புதம்போலச் சொல்லி முடித்துவிடுதல் தகாது. 1882 இற் சிகிச்சை முடிந்த பின்னரும் அவள் பூரண சுகமடையவில்லை. மருத்துவ நிலையங்களில் மேலும் சில காலம் இருக்க நேர்ந்தது. ஆனால் பிற்காலத்தில் அதே பெண் அநாதைச் சிறுமிகளுக்காகவும் விற்கப்பட்ட பெண்களுக்காகவும் உழைத்தாள். 1904 இல் ஜேர்மனியிலே யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவினாள். 1936 இல் மறையும்வரை ஓயாது தொண்டாற்றினாள். நோயுற்ற மனம் பயனற்ற மனம் என்று எண்ணுவோருக்கு அவள் வாழ்வே மறுமொழி.

பிராய்டின் பின்னர் இத்துறை பல கிளைகளாகப் பிரிந்தது. அவற்றுள் இரண்டை மட்டும் சொல்கின்றேன். ஒன்று கேட்கும் கலையைக் கற்பிக்கின்றது. மற்றது கேள்வி கேட்கும் கலையைக் கற்பிக்கின்றது.

முதலாவது, கார்ல் றொஜர்ஸ் என்ற அமெரிக்கர் காட்டிய வழி. 1902 இற் பிறந்த அவர் சிறிது காலம் கிறித்தவ இறையியல் பயின்று, பின்னர் உளவியலுக்கு வந்தவர். துன்பமுற்றவரிடமே மீளும் ஆற்றலும் உண்டு. அது முளைப்பதற்கு ஏற்ற நிலத்தை அமைத்துக் கொடுப்பதே துணையாளரின் வேலை என்பது அவர் கொள்கை. அந்த நிலத்துக்கு மூன்று குணங்கள் வேண்டுமென 1957 இல் எழுதினார்: மற்றவர் நோவை அவர் இடத்தில் நின்று உணர்தல், நிபந்தனையின்றி அவரை மதித்தல், வேடமின்றி உண்மையாக இருத்தல். கேட்பதற்கு எளிது. ஆனால் ஒருவர் அழும்பொழுது “அழாதை” என்று சொல்லாமல் ஐந்து நிமிடம் உடனிருந்து பாருங்கள். அது எத்துணைக் கடினமென்பது விளங்கும். பல வேளைகளில் நாம் “அழாதை” என்பது அவருக்காகவன்று. அந்த அழுகையை நம்மால் தாங்க முடியாமையினாலேயே.

இரண்டாவது, ஆரன் பெக் காட்டிய வழி. பிலடெல்பியாவில் வைத்தியராயிருந்த அவர் பிராய்டின் முறையிற் பயின்றவர். 1960 ஆம் ஆண்டுகளில், மனச்சோர்வுற்றோர் பேசும்பொழுது அவர்கள் வாயில் வரும் சொற்களுக்கு அடியிலே வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருப்பதை அவர் கவனித்தார். தன்னைத் தானே ஏசும் பேச்சு அது. “நான் ஒன்றுக்கும் உதவாதவன், இனி ஒன்றும் சரிவராது, உலகத்துக்கு நான் பாரம்” என்று அது கணந்தோறும் தானாக எழும். எழுவது தெரியாமலே மனிதன் அதனை நம்பிவிடுகின்றான். அந்நினைப்பை வெளியே கொணர்ந்து, அது உண்மைதானா என்று சோதித்துப் பார்த்தலே பெக்கின் முறை. இந்தக் கேள்விமுறையையும், தொழிற்பாட்டை மெல்ல மெல்லக் கூட்டுவதையும் இணைத்த சிகிச்சை இன்று உலகெங்கும் வழக்கில் இருக்கின்றது. பெக் 2021 இல், தமது நூறாவது வயதிற் காலமானார்.

இது நடைபெறும் விதத்தை ஓர் உதாரணத்தால் விளக்குகின்றேன். உயர்தரப் பரீட்சையிற் சித்தியடையாத ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். “என்னால் அம்மாவுக்கு அவமானம். நான் இருந்து என்ன?” என்கின்றாள். நாமாக இருந்தால், “சீச்சீ, அப்படிச் சொல்லாதை” என்று வாயை அடைப்போம். துணையாளர் அவ்வாறு செய்யார். அவமானம் என்ற எண்ணம் எப்பொழுது வந்தது, அப்பொழுது என்ன நடந்தது என்று கேட்பார். அம்மா அன்று சமைக்காமற் படுத்திருந்தார் என்பாள். அம்மா ஏன் படுத்திருந்தாரென்று அவரிடமே கேட்டதுண்டோ என்பார். கேட்கவில்லை என்பாள். அடுத்த கிழமைக்குள் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாமோ என்பார். அவளும் கேட்கின்றாள். “உன்ர முகத்தைப் பார்க்க ஏலாமல் படுத்தனான் பிள்ளை. நீ படுற பாட்டைப் பார்க்க ஏலாமல்” என்கின்றார் தாய். அவமானமென்று அவள் எண்ணியது தாயின் பரிவு. இதனைத் துணையாளர் முதல்நாளே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கமாட்டாள். தானே கேட்டுத் தானே கண்டமையால் அது அவளுடைய உண்மையாயிற்று.

இதன் பின்னர் நாளுக்கு ஒரு சிறு காரியம் செய்யச் சொல்வார். காலையில் எழுந்து பூமரங்களுக்குத் தண்ணீர் விடுதல், பழைய சிநேகிதியைச் சந்தித்தல் போன்றவை. மனம் தெளிந்த பின்னர் வேலை செய்வோம் என்று நாம் காத்திருக்கின்றோம். மனச்சோர்விலோ, பல வேளைகளில் வேலை செய்யச் செய்யத்தான் மனம் தெளிகின்றது.

“இவையெல்லாம் நல்ல கதைகள்தாம். பலனுண்டு என்பதற்கு அத்தாட்சி என்ன?” என்று பெரியோர் கேட்பீர்கள். கேட்கவேண்டியதே. 1952 இல் ஹான்ஸ் ஐசெங்க் என்ற உளவியலாளர் லண்டனிலிருந்து இதே கேள்வியைக் கேட்டார். சிகிச்சையின்றியும் மூன்றில் இரண்டு பங்கினர் இரண்டு ஆண்டுகளிற் சுகமடைகின்றனரே, பேச்சுச் சிகிச்சையால் என்ன பயன் என்றார். அந்த அறைகூவல் இத்துறைக்கு நன்மையே செய்தது. ஆராய்ச்சிகள் பெருகின. 1977 இல் மேரி ஸ்மித், ஜீன் கிளாஸ் என்னும் இருவர் 375 ஆராய்ச்சிகளை ஒன்றாகத் தொகுத்துக் கணக்கிட்டனர். சிகிச்சை பெற்ற சராசரி மனிதர், சிகிச்சை பெறாதோருள் நூற்றுக்கு 75 பேரைவிட நல்ல நிலையில் இருந்தாரென்பது அவர்கள் கண்ட முடிபு.

இன்னும் நமக்கு அண்மையான சான்று ஆபிரிக்காவிலிருந்து வருகின்றது. சிம்பாப்வே தேசத்திலே மனநோய் வைத்தியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய தொகையினரே. அவர்களுள் ஒருவராகிய டிக்சன் சிபாண்டாவிடம் சிகிச்சை பெற்றுவந்த ஓர் இளம்பெண், வைத்தியசாலைக்கு வர பஸ்சுக்குக் காசில்லாமல் வீட்டிலிருந்து, தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அத்துயரம் அவரை உலுக்கியது. நோயாளி வைத்தியரைத் தேடி வரமுடியாவிட்டால், சிகிச்சை நோயாளியைத் தேடிச் செல்லவேண்டும் என்று எண்ணினார். ஆனால் பணமுமில்லை, தாதிமாருமில்லை, கட்டடமுமில்லை. இருந்தவர்கள் பதினான்கு பாட்டிமார்.

2006 இல் ஹராரே நகரத்தின் ம்பாரே என்ற ஏழைப் பகுதியிலே அப்பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டது. சுகாதார நிலையத்தின் வளவிலே ஒரு மரவாங்கு போடப்பட்டது. அதற்குத் தோழமை வாங்கு என்று பெயர். துன்பமுற்றவர் வந்து வாங்கில் அமர்வார். பாட்டி முதலில் முழுவதையும் கேட்பார். பின்னர், பல பிரச்சினைகளுள் ஒன்றை மட்டும் தெரிந்தெடுத்து, அதற்கு என்ன செய்யலாமென்று வந்தவரையே யோசிக்கச் செய்வார். இப்படி ஆறு அமர்வுகள். 573 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2016 இறுதியில் வெளியாயிற்று. ஆறு மாதத்தின் பின் மனச்சோர்வின் அறிகுறிகள் எஞ்சியிருந்தோர், வழக்கமான கவனிப்புப் பெற்றோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 50 பேர். வாங்கில் அமர்ந்தோருள் ஏறக்குறைய 14 பேர் மாத்திரமே.

இதிலே என் நெஞ்சைத் தொட்ட செய்தி ஒன்றுண்டு. அத்தேசத்தாரின் ஷோனா மொழியில் மனச்சோர்வை “குஃபுங்கிசிசா” என்பார்களாம். “மிதமிஞ்சி யோசித்தல்” என்பது அதன் பொருள். நம்மவர் சொல்வதும் இதுதானே! “ஒரே யோசனை” என்று என் நண்பன் சொன்னது எங்கோ ஆபிரிக்காவில் ஒரு பாட்டிக்கு விளங்கியிருக்கும். பக்கத்துக் கட்டிலிற் கிடந்த எனக்கு விளங்கவில்லை.

இது மேல்நாட்டுச் சரக்கு. நமக்கு ஏன் என்று சிலர் கேட்கலாம். பகவத்கீதையின் தொடக்கத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். அதன் முதலாம் அத்தியாயத்தின் பெயரே அருச்சுன விஷாத யோகம். மாவீரனொருவன் போர்க்களத்தின் நடுவே உடல் நடுங்கி, வாய் உலர்ந்து, வில் நழுவித் தேர்த்தட்டில் அமர்ந்துவிடுகின்றான். அந்த அத்தியாயத்திலே கண்ணபெருமான் பேசுவது ஒரேயொரு முறை. அதுவும் எதிரே நிற்போரைப் பார் என்று காட்டுவதற்கே. அதன் பின்னர் வருவது அருச்சுனனுடைய புலம்பல். அவன் சொல்லி முடிக்கும்வரை தேரோட்டி குறுக்கிடவில்லை.

இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்திலே, இந்தப் பேடித்தனம் உனக்குத் தகாது, எழுந்திரு என்ற கருத்துப்படப் பெருமான் கடிந்துரைக்கின்றார். அருச்சுனன் எழுந்தானா? எழவில்லை. மீண்டும் தன் துயரத்தையே சொல்கின்றான். போர் செய்யேன் என்று மௌனமாகிவிடுகின்றான். அதன் பின்னரே உபதேசம் தொடங்குகின்றது. அவனும் விட்டபாடில்லை, அத்தியாயத்துக்கு அத்தியாயம் கேள்வி கேட்கின்றான். பெருமானும் சலிக்காமல் விடை சொல்கின்றார். பதினெட்டாம் அத்தியாயத்திலே, எல்லாவற்றையும் நன்றாக ஆராய்ந்து உன் விருப்பம்போலச் செய் என்று முடிவை அவனிடமே விட்டுவிடுகின்றார். கீதையை வெறும் மனோதத்துவ நூலாகச் சுருக்குவது என் எண்ணமன்று. கடவுளே ஆயினும், “மனத்தைத் திடப்படுத்து” என்ற ஒரு சொல்லால் ஒருவனை எழுப்பிவிடவில்லை என்பதை மாத்திரம் சுட்டுகின்றேன்.

நம் முன்னோரும் இதனை அறிந்தே இருந்தனர். ஒரு வீட்டில் இழவு விழுந்தால், எட்டுச்செலவு முடியும்வரை, அந்தியேட்டி முடியும்வரை, முப்பத்தொரு நாளும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். வருகின்ற ஒவ்வொருவரும் “எப்படி நடந்தது?” என்று கேட்பர். கணவனை இழந்தவள் அதே கதையை நூறு தடவை சொல்வாள். முதல் நாள் சொல்ல முடியாமல் விம்மியவள், முப்பதாம் நாள் ஒருவாறு சொல்லி முடிப்பாள். ஒப்பாரி அவளுடைய துயரத்துக்கு ஓசையும் வடிவும் கொடுத்தது. இதனை நாம் வெறுஞ் சடங்கென்று நினைத்தோம். ஊர் கூடிச் செய்த பேச்சுச் சிகிச்சையே அது. “எங்கள் காலத்தில் நாங்கள் யாரிடம் போய்ப் பேசினோம்?” என்று கேட்கும் பெரியோருக்கு நான் பணிவுடன் சொல்லும் மறுமொழி இதுதான்: திண்ணை இருந்தது, கிணற்றடி இருந்தது, கூட்டுக் குடும்பம் இருந்தது. நீங்கள் பேசினீர்கள், அதற்குப் பெயர் வைக்கவில்லை.

இன்று அவை அருகிவிட்டன. போர் நம்மைச் சிதறடித்தது. 2009 இல் யுத்தம் முடிந்தது. ஆனால் காணாமற்போனவனின் தாய்க்கு எந்த நாளில் அந்தியேட்டி? உடலுமில்லை, நாளுமில்லை, ஆதலால் “எப்படி நடந்தது?” என்று கேட்டுவருவாருமில்லை. யாழ்ப்பாணத்திலே உளமருத்துவ நிபுணர் தயா சோமசுந்தரம் போன்றோர் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த காலத்திலேயே இத்தகைய மனவடுக்களை ஆராய்ந்து எழுதினர். சாந்திகம் போன்ற நிலையங்களில் நம்மவர்க்கு நம் மொழியிலேயே சீர்மியப் பயிற்சி கொடுக்கப்பட்டது. தனிமனிதனுடைய வடுவோடு குடும்பத்தின் வடுவையும் ஊரின் வடுவையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்பது அவர்கள் நமக்குத் தந்த பாடம்.

இச்சிகிச்சைக்கும் எல்லைகள் உண்டு. அவற்றை மறைத்தல் கூடாது. உளப்பிளவை போன்ற கடும் நோய்களுக்கு மருந்து இன்றியமையாதது. பேச்சு அதற்குத் துணையேயன்றி மாற்றன்று. பேச்சுச் சிகிச்சையை நம்பி வைத்தியர் கொடுத்த குளிசையை நிறுத்துதல் பெருந்தவறு. அன்றியும், வற்புறுத்திப் பேசவைப்பது சிகிச்சையாகாது. 2004 மார்கழியில் ஆழிப்பேரலை அடித்த பின்னர், நம் மொழியும் வழக்கமும் அறியாத பலர் ஆறுதல் சொல்லவென்று வந்திறங்கினர். பேரிடர் நடந்தவுடனே ஒரேயொரு முறை இருத்தி, நடந்ததையெல்லாம் சொல்லச் செய்யும் முறை பயன் தருவதில்லையென்றும், சிலருக்குத் தீங்கும் செய்யக்கூடுமென்றும் ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. புண்ணைக் கிளறுவது வேறு; புண்ணுக்குக் காற்றுப்பட இடங்கொடுப்பது வேறு. எப்பொழுது பேசுவது, எவ்வளவு பேசுவது என்பதைத் துன்பமுற்றவரே தீர்மானிக்கவேண்டும்.

இனி, சங்கத்துச் சகோதரர்களே, நாம் செய்யத்தக்கது என்ன?

1995 ஆம் ஆண்டளவில் இலங்கையிலே இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலை செய்துகொண்டனர். உலகிலேயே மிகக் கூடிய வீதங்களுள் அது ஒன்று. கொடிய பூச்சிகொல்லிகளைத் தடைசெய்தமையே பின்னர் அது பெரிதும் குறைந்தமைக்கு முக்கிய காரணம். கைக்கெட்டிய நஞ்சை அப்புறப்படுத்தியதாற் பல உயிர்கள் தப்பின. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட சட்டமும் 1998 இல் நீக்கப்பட்டது. அரசு செய்யவேண்டியவை இவை. செவி கொடுத்தல் நாம் செய்யவேண்டியது.

1953 இல் லண்டன் மாநகரில் சாட் வாரா என்ற அங்கிலிக்கன் குருவானவர், உயிரை வெறுத்தோருக்கு உதவ ஒரு தொலைபேசியை வைத்தார். அவரைக் காண வந்தோர் காத்திருக்கும்பொழுது, சாதாரணத் தொண்டர்கள் தேநீர் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தனர். சிறிது காலத்தில் அவர் ஒரு புதுமையைக் கண்டார். தொண்டரிடம் பேசிய பலருக்குப் பின்னர் குருவானவரைக் காணவேண்டிய தேவையே இருக்கவில்லை. அவ்வாறு தோன்றியதே சமாரிற்றன்ஸ் இயக்கம். அத்தகைய தோழமைத் தொண்டையே 1974 முதல் இலங்கையிற் சுமித்திரயோ செய்து வருகின்றது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை எவரும் எந்நேரமும் அழைக்கலாம். நமது சங்க அறிவித்தற் பலகையிலே கூட்டத் திகதிக்குப் பக்கத்தில் அந்த இலக்கமும் எழுதப்பட்டிருக்கட்டும் என்று செயலாளரை இச்சபையிலேயே வேண்டிக்கொள்கின்றேன்.

நாம் எல்லோரும் சிகிச்சையாளர் ஆக முடியாது. ஆக முயல்வதும் தகாது. அதற்குப் பயிற்சியும் மேற்பார்வையும் வேண்டும். ஆனால் நல்ல செவியாக இருக்க எவராலும் இயலும். அதற்கு நான்கு காரியம் போதும். ஒருவர் பேசத் தொடங்கினால் இடைமறியாதிருத்தல் ஒன்று. “இதென்ன பெரிய காரியமே, எனக்கு வந்ததைப் பார்” என்று நம் கதையைத் தொடங்காதிருத்தல் இரண்டு. கேட்டதை வேறெவரிடமும் சொல்லாதிருத்தல் மூன்று. நம்மூரில் இதுவே மிகக் கடினம், இதுவே மிக அவசியம். சாக நினைக்கின்றாரோ என்ற ஐயம் தோன்றினால் அதனை நேராகவே கேட்டல் நான்கு. கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்பது தவறான அச்சம். கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லையென ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. தனியே சுமந்ததை இறக்கிவைக்க அது ஓர் இடமாகின்றது. “ஓம்” என்று மறுமொழி வந்தால் அவரைத் தனியே விடலாகாது. நம்பிக்கையானவர்களை உடன் சேர்த்துக்கொண்டு, வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு நாமே உடன் செல்லவேண்டும். முகவரியைச் சொல்லி அனுப்புவது உதவியன்று. அந்த வாசலை மிதிக்கத்தான் துணை வேண்டும்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளை கோயிலுக்கு வரட்டும், நேர்த்தியும் வையுங்கள், நூலும் கட்டுங்கள். வழிபாடு மனத்துக்குப் பெருந்துணை என்பதை நான் மறுப்பவனல்லேன். அதே கையால் பிள்ளையை வைத்தியரிடமும் கூட்டிச் செல்லுங்கள். சுவாமிக்கு அதனாற் கோபம் வராது.

என் நண்பனின் கதையை முடித்து அமர்கின்றேன். சென்ற விடுமுறையில் அவனுடைய ஊருக்குப் போனேன். அவன் முற்றங் கூட்டிக்கொண்டு நின்றான். வைத்தியசாலையிலே மருந்தும் கிடைத்ததாம். கிழமைதோறும் ஓர் உளவளத்துணையாளரிடமும் பேசி வந்தானாம். மறு ஆண்டு திரும்பவும் படிக்க வருவதாகச் சொன்னான். “அங்க என்னடா கதைப்பியள்?” என்று கேட்டேன். “முதல் நாள் நான் ஒண்டும் கதைக்கேல்லை. அவவும் ஒண்டும் கேட்கேல்லை. சும்மா இருந்தம். எழும்பி வரேக்கை, அடுத்த கிழமையும் வாங்கோ எண்டா. அதுக்காகத்தான் திரும்பப் போனனான்” என்றான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்தான். அன்றிரவு இருவரும் திண்ணையிற் படுத்தோம். இம்முறை அவன் பேசினான்; நான் நித்திரை கொள்ளவில்லை.